முதல் எண் யாருக்கும் இல்லை

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. வாசலில் நிற்கிறவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது. உங்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். இனிமேல் வரப்போகிற காலத்தின் கதை, ஆனால் நடந்து முடிந்ததுபோலத்தான் சொல்வேன். கோபக்காரக் கதை. நடுவில் என் குரல் உயர்ந்தால் பயந்துவிடாதீர்கள், கோபம் உங்கள் மேல் இல்லை.

கடல் மேலேறி வந்து கரையோர ஊர்களைத் தின்றுவிட்ட காலம். வலையும் படகுமாக இருந்த சனங்களை லாரிகளில் ஏற்றி, கடலை விட்டு உள்ளே தள்ளி, செம்மணல் தேரிக்கு நடுவில் வரிசையாகக் கட்டியிருந்த வீடுகளில் இறக்கிவிட்டார்கள். தேரிப்புதூர் என்று பெயர் வைத்தார்கள். சுற்றிலும் பனையும் உடைமரமும். எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் ஊருக்கு நடுவே நிற்கும் பெரிய தொட்டியிலிருந்துதான் வரவேண்டும்.

வரும், ஆனால் திருகினால் வராது. ஒவ்வொரு வீட்டுக் குழாயின் தலையிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு ஒரு முகவரி. நம் வீட்டு முகவரி மாதிரி இல்லை, எண்ணும் எழுத்துமாக நீண்டுகொண்டே போகும் முகவரி. தொட்டிக்கு அடியில் இருக்கிற யந்திரம் அந்த முகவரியைச் சொல்லிக் கூப்பிட்டால் குழாய் வாயைத் திறக்கும். முகவரி இல்லாத குழாய் வெறும் இரும்பு. முகவரிக்கு ஆயுள் வேறு உண்டு. தீர்ந்துபோனால் புதிது வாங்கவேண்டும். அதைக் கணக்குப் போட்டுத் தருவது எங்கோ ஒரு பெருநகரத்தில் இருந்த முகவரி மையம். இணையம் வழியாக அதனிடம் கேட்கவேண்டும், அதுதான் போட்டுத் தரும்.

வேறு யாரும் அந்தக் கணக்கைப் போடக்கூடாது என்று சட்டம். யாரோ எங்கோ கள்ள முகவரி போட்டு ஓர் அணையைத் திறந்துவிட்டானாம். அதற்காக, இணைப்பு இல்லாமல் தானாகவே முகவரிக் கணக்குப் போடுகிற கருவி எதுவும் எந்தக் கையிலும் இருக்கக்கூடாது என்றார்கள். ஒரு காலத்தில் அப்படிப்பட்ட கருவிகள் போனில், கணினியில், தூசுபோலக் கிடந்தவை. முகாம் போட்டு, வீடு வீடாக வாங்கித் துடைத்தார்கள். வைத்திருந்தால் சிறை. கூட்டுவதும் வகுப்பதும் குற்றமாகிப்போன நாட்டை நினைத்துப் பாருங்கள்!

ஒரு கோடையில் அந்த மையம் நின்றுபோனது. இடி விழவில்லை, புயல் அடிக்கவில்லை. அதை யார் ஆள்வது என்று இரண்டு பெரிய மனிதர்களுக்குள் வழக்கு. வழக்கு முடியும்வரை மையத்தைப் பூட்டி வைத்துவிட்டார்கள். தேரிப்புதூர்க் குழாய்கள் ஒவ்வொன்றாக வாயை மூடத் தொடங்கின. தொட்டியோ விளிம்பு வரை நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

அந்த ஊரில் குடிநீர் நிறுவனத்தின் சார்பில் யந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவள் தமயந்தி. படித்த பெண், முப்பது வயது இருக்கும், கழுத்தில் நிறுவனத்தின் அட்டை. அவளும் அந்தச் சனங்களோடு ஒரே தெருவில்தான் வாடகைக்கு இருந்தாள். அவள் வீட்டுக் குழாயும்தான் மூடிக்கிடந்தது.

"ஏட்டி தமயந்தி, தொட்டி நிறைஞ்சி வழியுது, நாங்க நாக்க நீட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்று குடத்தை இடுப்பில் இடித்துக்கொண்டு வந்து நின்றாள் சொர்ணத்தாய். தெருவிலேயே வாய் நீளம் அவளுக்கு. உள்ளே அவள் மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள்.

"நான் என்ன செய்ய யக்கா? மையத்துக்குப் போட்டா, 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்'னு ஒரு பாட்டு பாடிட்டு வச்சிருது."

"அவ்வளவு முக்கியம்னா எடுத்துப் பேச வேண்டியதான. தொட்டிய உடைச்சிருவோம், ஆம்பளையளக் கூப்பிடு."

"உடைச்சா அத்தனை தண்ணியும் அடியில உள்ள வடிகுழாய் வழியா வெளிய போயிரும் யக்கா. அப்படித்தான் செஞ்சி வச்சிருக்காவ. மேலப்புதூர்ல உடைச்சாங்களே, என்ன ஆச்சு? தேரி மண்ணு ஒரே மூச்சுல குடிச்சிட்டு. ஒரு செம்புகூடக் கிடைக்கல."

லாரித் தண்ணீர் கேட்டுப் பார்த்தார்கள். லாரி நிரப்புகிற குழாய்க்கும் முகவரி வேண்டுமாம். உப்புத் தண்ணீரைக் காய்ச்சித் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். பிள்ளைகளுக்கு வயிறு போனது. சொர்ணத்தாயின் மகளுக்குப் பால் வற்றியது.

தமயந்திக்கு வழி தெரியாமல் இல்லை. யந்திர அறையின் சாவி அவள் கையில். சரியான முகவரியைப் போட்டு உள்ளே ஏற்றினால் யந்திரம் யாரிடமும் கேட்காது, கூப்பிட்டுவிடும். வேண்டியது அந்தக் கணக்கு ஒன்றுதான்.

"நீதான் படிச்சிருக்கியே, கையால போட்டா என்ன?" என்றாள் சொர்ணத்தாய்.

"போடலாம். இந்தத் தெருவுக்குன்னு ஒரு பேரு, வீட்டுக்கு வீடு ஒரு எண்ணு. ரெண்டையும் சேத்து எழுதினாத்தான் முகவரி. அதுல தெருப் பேரு எங்க முடியுது, வீட்டு எண்ணு எங்க தொடங்குதுன்னு ஒரு கோடு போடணும். அந்தக் கோடு ஒரு மயிரிழை தப்பினா, ஒங்க குழாயும் பக்கத்து வீட்டுக் குழாயும் ஒரே சுவத்துல இருந்தாலும் அயலூர் ஆயிரும். ஒண்ணு கூப்பிட்டா ஒண்ணுக்குக் கேக்காது. பழைய காலத்து முகவரின்னா சின்னது, விரல்ல போட்டிரலாம். இது அப்படி இல்ல."

ஆனாலும் போட்டாள். ஒரு பகல் முழுக்கக் காகிதத்தில் போட்டு, சொர்ணத்தாய் வீட்டுக் குழாயில் ஏற்றிப் பார்த்தாள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கோ ஓரிடத்தில் ஒன்று பிசகியிருந்தது. இன்னொரு முறை தப்பினால் பெட்டி நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும்.

"நல்லா இருக்கு," என்றாள் சொர்ணத்தாய். "சும்மா கிடந்த குழாய்க்குக் கண்ணும் சிவந்தாச்சு. இனிமே அதுகிட்டயும் நான் பேச்சு வாங்கணும்."

கருவி தேடப் புறப்பட்டாள் தமயந்தி. பள்ளிக்கூடத்துக் கணினியில் தேடினாள். ஒரு கணக்குப் போடும் பக்கம் இருந்தது, திறந்தது. எண்ணைத் தட்டியதும், 'இது முகவரிக் கணக்காக இருக்கக்கூடும், தொடர மையத்தின் இணைப்பு தேவை' என்று காட்டிவிட்டு அணைந்தது. இணைப்பு இருந்தால் நான் ஏன் உன்னிடம் வருகிறேன் என்று அதன் திரையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பக்கத்து டவுனில் பழைய சாமான் பழுது பார்க்கிற கடைக்குப் போனாள். முழு வாக்கியம்கூடச் சொல்லவில்லை, கடைக்காரர் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டார்.

"அந்தப் பேச்ச என் கடையில வச்சிப் பேசாதம்மா, ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

"பிள்ளையளுக்குத் தண்ணி இல்ல அண்ணாச்சி."

"எனக்கும் பிள்ளைய இருக்கு. ஒங்க ஊர்க்காரன் ஒருத்தன் உள்ள இருக்கானே, தெரியும்லா? அவன் நிலைமை எனக்கு வேண்டாம்."

ஊர்க்காரன் என்று அவர் சொன்னது மாசிலாமணியை. அவனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

மாசிலாமணி தமயந்தியோடு அதே யந்திரத்தில் வேலை பார்த்த பையன். கடைசியாக வந்து சேர்ந்த இந்தத் தெருக் குடும்பங்களுக்கு மையம் முகவரி தராமல் இழுத்தடித்தபோது, தானே கணக்குப் போட்டுக் குழாய்களைத் திறந்துவிட்டான். கருவி அவன் பழைய போனில் இருந்தது. ஊர்ப் பெரியவர் வீரபாகு அண்ணாச்சி போலீஸில் போய், "என் கண்ணால பாத்தேன்" என்று சாட்சி சொல்லிவிட்டார். போலீஸ் வந்து வீட்டைப் புரட்டிப் போட்டது. போன் அகப்படவில்லை. ஆளை மட்டும் கொண்டுபோய் ஜில்லா ஜெயிலில் வைத்தார்கள். விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது. கருவி கிடைக்காவிட்டால் வழக்கில் மிஞ்சுவது வீரபாகுவின் ஒரு வாய்ச் சாட்சிதான். கிடைத்துவிட்டாலோ, பையன் வெளியே வரும்போது தலை நரைத்திருக்கும்.

வீரபாகு ஏன் போய்ச் சொன்னார்? சட்டத்தின் மேல் அத்தனை பக்தியா? கேளுங்கள், அங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. மூழ்கிப்போன அவர்கள் ஊரில், கொடை விழாவில் முதல் மாலை, முதல் திருநீறு, முதல் பங்கு எல்லாம் வீரபாகுவின் வீட்டுக்குத்தான். கோயில் கடலுக்குள் போய்விட்டது. முதல் மரியாதை மட்டும் கரையேறி லாரியில் ஏறி அவரோடு வந்துவிட்டது. மாசிலாமணி எண் கொடுத்தபோது, முதல் எண் என் வீட்டுக்கு வேண்டும் என்றார். அவன் சொல்லியிருக்கிறான்: "அண்ணாச்சி, முதல் எண் எந்த வீட்டுக்கும் கிடையாது. அது தெருவோட பேரு. கடைசி எண்ணும் கிடையாது, அது மொத்தத் தெருவையும் ஒரே சமயத்துல கூப்பிடுத குரல். நடுவுல உள்ள எண்ணுதான் வீடுகளுக்கு." சின்னப் பயல் நாலு பேர் முன்னால் தன் மரியாதையைக் குறைத்துவிட்டான் என்று அவருக்குப் பட்டது. அன்றைக்குப் போனார் போலீஸுக்கு. அதற்காக ஒரு தாயின் பிள்ளையைக் கம்பிக்குள் தள்ளினார் அந்த மனிதர்!

தாய் பெயர் குருவம்மா. கருவாடு விற்கிறவள். கடல் போன பிறகும் தொழிலை விடாமல், எங்கிருந்தோ நெத்திலியும் வாளையும் வரவழைத்துக் கூடையில் வைத்துச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மகன் உள்ளே போன நாளிலிருந்து தெருவில் அவளிடம் பேச எல்லாருக்கும் பயம்.

அவள் வீட்டுக்குத்தான் போனாள் தமயந்தி. வேறு போக்கிடம் இல்லை. குருவம்மா முற்றத்தில் கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"சித்தி..."

"வாங்க கம்பெனி அம்மா. என்ன, துடைக்கதுக்கு இன்னும் போன் ஏதும் பாக்கி இருக்கான்னு பாக்க வந்தியளா?"

தமயந்தியின் முகம் சுண்டியது. முகாம் போட்டுத் தெரு முழுக்கப் போன்களை வாங்கித் துடைத்தவள் அவள்தான்.

"தண்ணி சித்தி. சொர்ணத்தக்கா மகளுக்குப் பால் இல்ல. பிள்ள அழக்கூடத் தெம்பில்லாம கிடக்கு."

"எம் மவன் குழாயத் திறந்துவிட்டான்லா, அன்னைக்கு அவ்வளவு பேரும் குடம் குடமாப் பிடிச்சிய. போலீஸ் வந்து அவன் சட்டையப் பிடிச்சி இழுத்துட்டுப் போவும்போது ஒரு கதவு திறந்துச்சா? ஒரு கதவு! ஒன் கதவு திறந்துச்சா தமயந்தி? நீ அவன்கூட ஒரே தூக்குவாளியில சாப்பிட்டவ."

தமயந்தியின் கதவும் திறக்கவில்லை.

"கேக்கதுக்கு எனக்கு வாயில்ல சித்தி. கேக்காமப் போகவும் முடியல," என்றாள் கடைசியில்.

குருவம்மா வெகுநேரம் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தெருக்கோடியில் அந்தப் பச்சைப் பிள்ளையின் ஈனக் குரல் கேட்டது. பிறகு அவள் எழுந்தாள். வாளைக்கருவாட்டுக் கூடையில் முழங்கை வரை கையை விட்டாள். மேலே ஒரு அடுக்கு, நடுவில் ஒரு அடுக்கு, அதற்கும் அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு போன்.

"போலீஸ்காரன் அரிசிப் பானையில கையை விட்டான், தலையணையக் கிழிச்சான். இந்தக் கூடைகிட்ட வந்ததும் மூக்கப் பொத்திக்கிட்டுப் போயிட்டான் மூதி. இதுக்குள்ள சிம் கிடையாது. காத்து வழியா இணையத்தத் தொடக் கூடாது, தொட்டா உள்ள இருக்கது தன்னைத்தானே அழிச்சிக்கிடும்னு எம் மவன் சொல்லியிருக்கான்."

தமயந்தி கையை நீட்டினாள். குருவம்மா கொடுக்கவில்லை.

"இது எம் மவன் கழுத்து. தெரியும்லா? இது வெளிய வந்துட்டா அந்த வீரபாகு ஒரு வார்த்த போயிச் சொன்னாப் போதும். அதனால ஒரு காரியம் செய்யணும். இதுல உள்ளத ஒவ்வொரு வீட்டுப் போன்லயும் ஏத்து. காத்துல வேண்டாம், கம்பி மாட்டி ஏத்து. அவங்கவங்க விரலால அவங்கவங்க அமுக்கணும். ஏத்திக்கிட்டவன் வீட்டுக்குத் தண்ணி. ஏத்தாதவனுக்கு இல்ல."

"சித்தி, எல்லாரும் பயப்படுவாங்க. சிறை..."

"பயப்படட்டும்! நான் மட்டும் பயந்தது போதும். இது ஒரு போன்ல இருந்தா எம் மவனுக்குச் சாட்சி. ஊர்ப்பட்ட போன்லயும் இருந்தா வெறும் கணக்கு. போ, போய்க் கேளு."

கேட்டாள். முதலில் ஒருவரும் போனை எடுக்கவில்லை. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். சொர்ணத்தாய்தான் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து போனை எடுத்து நீட்டினாள்.

"எனக்குப் பேரனா ஜெயிலான்னு கேட்டா என்னட்டி பதில் சொல்லுவேன்? மாட்டு கம்பிய. ஜெயில்ல தண்ணியாவது குடுப்பான்."

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். குருவம்மாவின் முற்றத்தில், கருவாட்டு வாடைக்கு நடுவில், பட்டப்பகலில், சிம்மைக் கழற்றி, கம்பி மாட்டி, விரலால் அமுக்கிக்கொண்டு போனார்கள். குருவம்மா ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

தமயந்தி அந்தக் கருவியைத் திறந்தாள். எளிய சாதனம். தெருவின் பெயர் என்ன, எத்தனை வீடு, இரண்டே கேள்வி. இணைப்பு கேட்கவில்லை. நீ யார் என்று கேட்கவில்லை. அனுமதி இருக்கிறதா என்று கேட்கவில்லை. கோடு எங்கே விழவேண்டும் என்பதைக் காட்டி, முகவரிகளை வரிசையாகக் கொட்டிவிட்டு நின்றது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதைப் போய்த்தானே நான் வீடு வீடாகத் துடைத்தேன் என்று பல்லைக் கடித்தாள்.

யந்திர அறைக்குப் போகும் வழியில் வீரபாகு மறித்தார். தோளில் துண்டு, நெற்றியில் பட்டை.

"அந்தக் கண்றாவிய என் போன்ல ஏத்த மாட்டேன். நான் சர்க்கார் சாட்சி. ஆனா தண்ணி இந்த ஊருக்கு வந்தா முதல்ல என் வீட்டுக்குத்தான் வரணும். முதல் எண்ணப் போடு."

"அண்ணாச்சி, ஏத்தாதவங்களுக்குக் கிடையாதுன்னு..."

"அந்தக் கருவாட்டுக்காரி எனக்குச் சட்டம் போடுவாளோ? நீ கம்பெனி ஆளு. நான் ஒரு புகார் எழுதினா ஒன் கழுத்துல கிடக்க அட்டை இருக்காது."

"முதல் எண்ணு வீட்டுக்குச் செல்லாது அண்ணாச்சி. அது தெருவோட பேரு. அத ஒரு வீட்டுக்குப் போட்டா, கூப்பிட்டாலும் அந்தக் குழாய் திறக்காது. நான் மரியாதையாத்தான் சொல்லுதேன்."

"அந்தப் பயலும் இதேதான் சொன்னான். எங்க அப்பா, எங்க தாத்தா காலத்துலருந்து முதல் எனக்குத்தான். எனக்குப் பாடம் நடத்தாம போடு."

தமயந்தி அவரையே பார்த்தாள். இதே வாய், இதே வார்த்தை. இந்த ஒரு வீம்புக்காகத்தானே ஒருவன் அங்கே கிடக்கிறான் என்று நினைத்தாள்.

"சரி அண்ணாச்சி. உங்களுக்கு முதல் எண்ணு," என்றாள்.

எல்லா வீட்டு எண்களோடு அதையும் ஏற்றினாள். பிறகு கடைசி எண்ணை, மொத்தத் தெருவையும் ஒரே குரலில் கூப்பிடுகிற எண்ணை, யந்திரத்தில் அழுத்தினாள்.

எல்லாக் குழாயும் ஒன்றாக வாய் திறந்தது. முதலில் காற்று சீறியது, பிறகு செம்மண் நிறத்தில் நாலு சொட்டு, பிறகு தண்ணீர், வெள்ளைத் தண்ணீர். பெண்கள் கத்திய கத்தலில் பனையில் இருந்த பறவையெல்லாம் எழுந்தது. சிவந்த கண்ணோடு கிடந்த தன் குழாயும் கொட்டுவதைப் பார்த்து சொர்ணத்தாய் சேலையோடு அதனடியில் உட்கார்ந்துவிட்டாள்.

வீரபாகு வீட்டுக் குழாய் மட்டும் பேசாமல் இருந்தது.

அவர் தட்டினார், பெட்டியை உலுக்கினார், வஞ்சகம் செய்துவிட்டாள் என்று தெருவில் நின்று கத்தினார். நிறுவனத்தில் புகார் செய்யப் போனை எடுத்தார். புகாரையும் மையம் வழியாகத்தான் அனுப்பவேண்டும். அவர் அழைப்பு மிக முக்கியம் என்று அவருக்கும் பாடியது.

அவர் மனைவி ஆவுடையம்மாள் முகத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு பக்கத்து வீடுகளில் குடம் ஏந்தினாள். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சொர்ணத்தாய் நிரப்பிக் கொடுக்கும்போதே, "முதல் மரியாதைக்காரர் வீட்டுக்குக் கடைசிக் குடம், பாத்துக் கொண்டு போ மைனி, சிந்திராம" என்றாள். ஆவுடையம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நேரே வீட்டுக்குள் போனாள். உள்ளே அவள் புருஷனிடம் என்ன சொன்னாளோ, அந்த வீட்டில் அவள் குரல் அத்தனை உயர்ந்து ஊர் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் வீரபாகு குருவம்மாவின் முற்றத்தில் வந்து நின்றார். தமயந்தியும் இருந்தாள், சொர்ணத்தாயும் இருந்தாள். துண்டு தோளில் இல்லை.

"ரெண்டாவது எண்ணு இருந்தாப் போடு," என்றார் தமயந்தியிடம்.

"ரெண்டாவது குருவம்மா சித்தி வீட்டுக்குப் போயிட்டு அண்ணாச்சி. ஆவுடை மைனி பாவம்னு இருக்கு, வாலுல ஒண்ணு மிச்சம் வச்சிருக்கேன். ஆனா..."

"ஆனா என்ன?"

குருவம்மா தலையை நிமிர்த்தினாள். "விரல நீட்டுங்க."

சிம்மைக் கழற்றிக் கம்பியை மாட்டினார்கள். அந்தத் தடித்த விரல் திரைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"அமுக்குங்க அண்ணாச்சி, அது ஒண்ணும் கடிக்காது," என்றாள் சொர்ணத்தாய்.

அமுக்கினார்.

பெரிய மனிதர்களின் வழக்கு பிறகு எப்படியோ சமாதானமாகி முடிந்தது. மையம் கண் விழித்தது. 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று யந்திர அறைத் திரையில் ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்! பச்சைப் பிள்ளையின் காய்ந்த தொண்டைக்கு ஒரு வரி. மையம் பூட்டியிருந்த நாட்களில் தேரிப்புதூரில் மட்டும் தண்ணீர் எப்படி ஓடியது என்று தமயந்தியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தெரியாது என்றாள். வேலையை விட்டு நிறுத்தினார்கள். அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

பிறகு மாசிலாமணியின் வழக்கு. தேரிப்புதூர் பூராவும் கோர்ட்டில் வந்து உட்கார்ந்திருந்தது, மடியில் ஆளுக்கு ஒரு போன், சிம் கழற்றியது. வீரபாகு கூண்டில் ஏறினார். மாசிலாமணியின் வக்கீல் ஒரு சின்னப் பெண்.

"இவர் போனில் நீங்கள் பார்த்தது முகவரிக் கணக்குக் கருவிதானா?"

"என்னமோ அமுக்கிக்கிட்டிருந்தாம்மா."

"எதையோ அமுக்குவதை வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் கருவி எப்படி இருக்கும், திரையில் என்ன கேட்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் சொல்லுங்கள்."

தெரிந்திருந்தால் எப்படித் தெரியும் என்பது அடுத்த கேள்வி. வீரபாகு கூட்டத்தைப் பார்த்தார். குருவம்மாவைப் பார்த்தார். சொர்ணத்தாய் பேரனை மடியில் கிடத்திக்கொண்டு அவரையே பார்த்துச் சிரித்தாள். அவருடைய கை சட்டைப் பையை மூடிக்கொண்டது.

"தெரியாதுங்க," என்றார் நீதிபதியைப் பார்த்து. "எனக்குக் கணக்கே வராதுங்கய்யா."

வழக்கு விழுந்தது. மாசிலாமணி கன்னம் ஒட்டி, எலும்பும் தோலுமாக வெளியே வந்தான். அத்தனை பேரையும் பார்த்துத் திகைத்து நின்றான்.

"எல்லாரும் எதுக்கு வந்திருக்கிய?"

"சும்மாதான் மக்கா. அண்ணாச்சி கூட்டல் தெரியாதுன்னு சொல்லுதத ஒரு தடவை காதால கேட்டுட்டுப் போவலாம்னு," என்றாள் சொர்ணத்தாய்.

குருவம்மா மகனின் தலையைத் தடவிக்கொண்டே நடந்தாள். கோர்ட் வாசலில் வீரபாகு ஒதுங்கி நின்றிருந்தார். அவள் கடக்கும்போது குரலைத் தாழ்த்தி, "குருவம்மா, நடந்தது நடந்துபோச்சி. மனசுல வச்சிக்கிடாத" என்றார்.

அவள் நின்றாள்.

"வச்சிக்கிடுவேன் அண்ணாச்சி. எம் மவன் உள்ள கிடந்த நாள் அத்தனையும் வச்சிக்கிடுவேன். தண்ணி பொது, அத ஒங்க வீட்டுக்கும் விட்டாச்சு. இது என்னோடது. இத யாருக்கும் பங்கு வைக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு மகனின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். தெரு முழுக்க அவள் பின்னால் நடந்தது.

கதை அவ்வளவுதான் கண்ணுகளா. கோபம் உங்களுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் அதைத் துடைத்துவிடாதீர்கள், வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீரின் திறப்பு உங்கள் கையிலேயே இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் யாரிடமும் கேட்காமல் கூட்டட்டும், கழிக்கட்டும், பெருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையை இழுத்துப்போகிற சத்தம் கேட்டால் உங்கள் கதவு முதலில் திறக்கட்டும். உலையில் அரிசியும், தொட்டிலில் பிள்ளையும், குடத்தில் தண்ணீரும் குறையாமல், உங்கள் வீடும் வீட்டில் உள்ளவர்களும் நன்றாக இருக்கவேண்டும், நெடுநாள் இருக்கவேண்டும்.